ஓதுவதல்ல, வாசிப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் யூதர்களின் ஓய்வுநாள் வழிபாட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரபி (யூத மத குரு) தோராவை (அவர்களின் வேதத்தை) மனப்பாடமாக ஓத, மக்கள் மௌனமாகக் கேட்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரே வரியில் மூன்று பிழை. ரபி தேவையில்லை, மனப்பாடமாகச் சொல்லக் கூடாது, மௌனம் சத்தியமாகக் கிடையாது.

நான் எருசலேமில் ஆறு வருடம் ஒரு பெரியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். பேரப்பிள்ளைகள் அவரை 'சபா' என்பார்கள், எபிரேயத்தில் தாத்தா. நானும் அப்படியே கூப்பிட்டேன். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்து ஓய்வு பெற்றவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு எண்பத்தொரு வயது, பார்வை போயிருந்தது. பார்வை இருந்த காலத்தில் தங்கள் ஜெபஆலயத்தில் (யூதர்கள் கூடி வழிபடும் இடம்) பல வருடம் தோரா வாசித்தவர். அப்படி வாசிப்பவரை 'பஅல் கொரே' என்பார்கள். அதற்கு ரபி பட்டம் வேண்டாம். சரியாக வாசிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் ஜெபஆலயத்து ரபி பெரும்பாலும் தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர்வார், மற்றவர்களைப் போலவே.

சனிக்கிழமை காலையில் சபா என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பத்து நிமிட நடை, எங்களுக்கு இருபத்தைந்து ஆகும். நான் யூதன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார எனக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்கள். பதப்படுத்திய தோலில் இறகுப் பேனாவால் கையால் எழுதிய சுருள். பாரம்பரியக் கணக்கில் 3,04,805 எழுத்து. ஆனால் சுருளில் உயிர்க்குறி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, ராகக் குறியும் இல்லை. எபிரேயத்தில் பாலுக்கும் கொழுப்புக்கும் அதே மூன்று மெய்யெழுத்துதான். 'குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே' என்ற கட்டளையில் அது பால், கொழுப்பு அல்ல என்பதைச் சுருள் சொல்லாது. வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக 'திக்குன்' என்ற அச்சுப் புத்தகத்தை வைத்து வாரம் முழுக்கப் பழகுகிறார்கள். ஒரு பத்தியில் குறிகளோடு, பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளபடி மொட்டையாக.

குறிகளெல்லாம் மனதில் இருக்க வேண்டும், ஆனால் சொல் கண் வழியாகத்தான் வர வேண்டும். எழுத்தில் உள்ளதை மனப்பாடமாகச் சொல்லலாகாது என்பது தால்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூலின் காலத்து விதி. சபாவுக்குப் பல பகுதிகள் முழுசாக நெஞ்சில் இருந்தன. இருந்தும் அவரால் வாசிக்க முடியாது. பார்வை இல்லாதவர் சுருளைப் பார்த்து வாசிக்க முடியாதே, சொன்னால் அது மனப்பாடமாகிவிடும். கண் போனதில் அவருக்கு இருந்த பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. வியாழன் இரவு மட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம், உயிர்க்குறி போட்ட புத்தகத்தை என் மடியில் வைப்பார். "நான் சொல்கிறேன், நீ எழுத்தில் விரலை வைத்துக்கொண்டே வா." மெதுவாகச் சொல்வார். நான் எபிரேய எழுத்துப் படித்தது அப்படித்தான். அவர் தப்பு விட்டு நான் கண்டுபிடித்தது ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவை. அன்று அவருக்கு ஏக சந்தோஷம்.

வாசிக்கத்தான் முடியாது, மேடைக்கு அழைக்கப்படலாம். ஓய்வுநாள் காலையில் குறைந்தது ஏழு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். முதலில் ஆரோன் வழிவந்த ஆசாரியர், அடுத்து லேவி கோத்திரத்தைச் சேர்ந்த லேவியர், பிறகு மற்றவர்கள். அழைக்கப்பட்டவர் தோள் சால்வையின் குஞ்சத்தால் வரியைத் தொட்டு முத்தமிட்டு, முன்னும் பின்னும் ஆசி சொல்வார்; இடையில் பஅல் கொரே வாசிப்பார். மேடைக்குப் போகும்போது குறுக்கு வழியில் போக வேண்டும், திரும்பும்போது சுற்று வழியில் வர வேண்டும் என்பது வழக்கம்: வர ஆசை, போக மனமில்லை என்று காட்ட. எண்பது தாண்டியவரைத் தாங்கிக்கொண்டு அந்தச் சுற்று வழியில் வந்தவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று. குறுக்கே போய்விடலாம் என்றால் கேட்கவே மாட்டார்.

அப்புறம் அந்த மௌனம். ஒரு மழைக்கால ஓய்வுநாளில் பதின்மூன்று வயது நிறைந்த பையன் ஒருவன் முதல்முறை வாசித்தான். யாக்கோபு கிணற்றடியில் ராகேலைச் சந்திக்கும் பகுதி. ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறது. அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் 'வந்துகொண்டிருக்கிறாள்', முதல் அசையில் விழுந்தால் 'வந்தாள்'. ஆறாம் வசனத்தில் அவள் வந்துகொண்டிருக்கிறாள், ஒன்பதாம் வசனத்தில் வந்துவிட்டாள். பையன் ஒன்பதிலும் கடைசி அசையை அழுத்திவிட்டான். நான்கைந்து பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக என் காதருகே சபாவின் குரல். பையனின் முகம் சிவந்தது. திரும்பிப் போய்ச் சரியாக வாசித்துவிட்டு மேலே போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. வீடு திரும்பும்போது, "அவனுக்கு விசேஷ நாள் சபா, விட்டிருக்கலாமே" என்றேன். "விட்டிருந்தால் ராகேல் இந்நேரமும் ஆடுகளோடு வழியில்தான் நடந்துகொண்டிருப்பாள்" என்றார்.

பொருள் மாறும் பிழை என்றால் யாராக இருந்தாலும் திரும்ப வாசிக்க வேண்டும். ரபியே வாசித்தாலும் பெஞ்சில் இருக்கும் காய்கறிக்காரர் திருத்துவார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை (அந்தப் பையனைத் தவிர).

இன்னொரு நாள் வாசிப்பு நடுவில் நின்றது. ஒரு 'வாவ்' எழுத்தின் கால் தேய்ந்து 'யோத்' போலத் தெரிந்தது. சுருளில் ஓர் எழுத்து பழுதானாலும் அதில் வாசிக்கக் கூடாது, ஓய்வுநாளில் எழுதித் திருத்தவும் கூடாது. பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள், ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒரு சிறுவனைத் தூக்கிக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்றார்கள். அதற்கும் விதி இருக்கிறது: பிள்ளை எழுத்துத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், ஆனால் வாக்கியத்தின் பொருளை வைத்து ஊகிக்கும் கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது. அவன் "வாவ்" என்றான். வாசிப்பு தொடர்ந்தது. "யோத்" என்றிருந்தால் சுருள்கள் வைக்கும் பேழையிலிருந்து வேறு சுருளை எடுத்திருப்பார்கள்.

இதெல்லாம் நான் போன ஜெபஆலயத்து வழக்கம். ஏமன் நாட்டு யூதர்களிடம் அழைக்கப்பட்டவரே தன் பகுதியை வாசிக்கிறார், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு சிறுவன் பழைய அரமேய மொழிபெயர்ப்பைச் சொல்கிறான். என் நண்பர் ஒருவர் அத்தகைய குடும்பத்தில் வேலை பார்த்ததால் ஒருமுறை அதைக் கேட்டேன். பெண்களை அழைப்பதில்லை என்று கட்டுரையில் இருப்பது எங்கள் ஜெபஆலயத்துக்குச் சரி. சீர்திருத்தப் பிரிவு ஜெபஆலயங்களில் பெண்கள் அழைக்கவும் படுகிறார்கள், வாசிக்கவும் செய்கிறார்கள்.

வாசிப்பு சனிக்கிழமை மட்டும் அல்ல என்பதையும் சேர்த்திருக்கலாம். திங்களும் வியாழனும் காலையில் மூன்று பேரை அழைத்துச் சிறிது வாசிப்பார்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீரில்லாமல் தவித்ததை நினைத்து, தோரா இல்லாமல் மூன்று நாள் கழியக் கூடாது என்று வைத்தது. சந்தை கூடும் நாட்களும் அவைதானாம். இந்த வாசிப்பு பழங்காலத்திலேயே இருந்ததற்குச் சான்றும் உண்டு. 1913-இல் எருசலேமில் தோண்டி எடுத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்றில், தியோதோத்தோஸ் என்ற ஆசாரியர் நியாயப்பிரமாணத்தை, அதாவது தோராவை, வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் ஜெபஆலயம் கட்டியதாகச் செதுக்கியிருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அறைகளும் தண்ணீர் வசதியும் செய்ததாகக்கூட இருக்கிறது. ஜெபம் என்ற பேச்சே அதில் இல்லை.

கடைசியாக, படத்தின் கீழே 'ரபியின் வெள்ளிச் செங்கோல்' என்று போட்டிருந்தீர்கள். அது செங்கோல் அல்ல, 'யாத்'. கை என்று பொருள். நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சின்னக் கை இருக்கிறதே, பார்த்தீர்களா? தோலை விரலால் தொடக் கூடாது என்பதற்காக அதை வைத்து வரியைத் தொட்டுக்காட்டிக்கொண்டே போவார்கள். சபா தன்னுடையதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். சில வியாழன் இரவுகளில் என் விரலுக்குப் பதிலாக அதைக் கொடுப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்