உன் வேட்டி மொட்டைமாடியில்

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். ரப்பர் விலையைப் பற்றிக் கேட்காதே. வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதி கேட்டுவிட்டு 'ம்' என்று பதில் போடுகிற ஆள் நீ, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் உன் சின்னவனைப் பற்றியது. பயப்படாதே, பெண் விவகாரம் இல்லை. ஒரு கணக்கில் பார்த்தால் பெண் விவகாரம்தான்.

தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணா, இவன் ராத்திரியானா மாடியில லைட்டு போட்டு எறும்பு பிடிக்கான், வந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்றாள். நாலு வார்த்தை சொல்லத்தான் போனேன். இப்போது மழை விட்ட சாயங்காலமெல்லாம் நானும் அந்த மாடியில்தான் கிடக்கிறேன். தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. காப்பி மட்டும் வருகிறது.

பயல் பிடிப்பது சும்மா எறும்பு இல்லை, ராணி எறும்பு. கூட்டில் பிறந்த புது ராணிகளும் ஆண்களும் இறகோடு வெளியே கிளம்ப வருஷத்தில் சில நாள்தான் வாய்க்கும். மழை பெய்து ஓய்ந்து, காற்று அடங்கி, புழுங்குகிற பொழுதாகப் பார்த்து, அந்த வட்டாரத்தில் உள்ள ஒரே சாதிக் கூடுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஆரல்வாய்மொழிக் காற்றில் இது நடக்கிற காரியமா? நம்ம குலசேகரம் பக்கம் ரப்பருக்கு நடுவே இலை அசையாது, தோதான இடம்.

விளக்கைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். பேக்கரியில் ஈ சாக மாட்டியிருப்பார்களே நீல டியூப், அதில் பழசு ஒன்றை எங்கேயோ வாங்கி, கரண்ட் பாயும் கம்பிவலையைக் கழற்றிவிட்டு டியூபை மட்டும் எரியவிடுகிறான். அதிலிருந்து வரும் புற ஊதா ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, பூச்சிகளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு எல்.இ.டி. பல்பில் அது அநேகமாகக் கிடையாது, அதனால் அதற்கு இவ்வளவு கூட்டம் சேராது. ஒயரிங்கை நானே சோதித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன், நம்பு. டியூபுக்குப் பின்னால் கொடியில் தொங்கும் வெள்ளைத் துணி மட்டும் உன் கல்யாண வேட்டி. அதை எனக்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் விளக்கு ஆள் பார்த்தா கூப்பிடுகிறது? முதலில் ஈசல் வந்து குவியும். அது கறையான் வம்சம். இடுப்பே இருக்காது, நாலு இறகும் ஒரே நீளம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், முன்னிறகு பின்னிறகைவிடப் பெரியது. இப்போது நான் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். அடுத்து ரப்பர் சருகில் வளர்கிற அந்தக் கருவண்டு. கோடை மழை தொட்டதும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் ஏறி, ஓட்டு இடுக்கில் மாசக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்குமே, நசுக்கினால் நாறுமே, அதேதான். தங்கச்சிக்கு எறும்பைவிட இதில்தான் கோபம். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் விளக்கை வீட்டுச் சுவரை விட்டு மாடியின் அந்தக் கோடிக்கு மாற்றவைத்தேன். கீழே ஒரு சொறித்தவளை தினமும் ஆஜர். நமக்கு வேண்டியதை எல்லாம் நமக்கு முன்னால் அது தின்றுவிடுகிறது.

துணியில் வந்து உட்காருவதை அப்படியே எடுத்தால் பாதி வீண். இறகோடு இருப்பது இணை சேராத ராணியாகவும் இருக்கலாம். இறகை உதிர்த்துவிட்டுச் சுவரோரம் இடம் தேடி அலைகிறதே, அதைத்தான் எடுக்க வேண்டும். போன வாரம் ஒரு கட்டெறும்பு ராணி என் கண் முன்னால் இறகைக் கழற்றியது. கறுப்பு, திரண்ட முதுகு, என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். உடம்பை ஒருக்களித்து, காலால் இறகை நெம்பி நெம்பித் தள்ளுகிறது. ஒன்று விழுந்ததும் கொஞ்சம் நிற்கிறது, பிறகு அடுத்தது. நாலும் விழுந்த பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துபோனது. பயல் மூச்சே விடவில்லை. நானும்தான்.

அப்புறம் கண்ணாடிக் குழாய். அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, அதன்மேல் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் பெரிய வேலை. கட்டெறும்பு ராணிக்கு இப்போது தீனி வேண்டாம். இனிமேல் பறக்கப்போவதில்லையே, அந்தப் பறக்கும் தசையைக் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. ஆண்கள் சில நாளில் செத்துப்போகும். அன்றைக்கு வாங்கிவைத்த விந்தைக் கொண்டே அவள் ஆயுள் முழுக்க முட்டையிடுவாள். ஐரோப்பாவில் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. நம்ம கணக்கு சார் சர்வீஸ்கூட அவ்வளவு வராது. வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனவனை எதிர்பார்க்காமல் ஒருத்தி தனியாகக் குடும்பம் நடத்துகிறாள் என்று நான் சொன்னபோது தங்கச்சி காப்பி டம்ளரைச் சத்தமாக வைத்தாள். உன்னைச் சொல்லவில்லை மக்கா. உன்னையும்தான்.

சரி, எழுத வந்த காரியத்துக்கு வருகிறேன். ராணிகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான் பயல். ஏதோ வெளிநாட்டு ஐ.டி.யிலிருந்து ஒருத்தன், ஒரு ராணிக்கு இவ்வளவு தருகிறேன், குழாயில் போட்டு கூரியரில் அனுப்பு, எத்தனை கிடைத்தாலும் சரி என்று கேட்கிறான். இவனுக்குக் கண் பளபளக்கிறது. மறுநாளே "மாமா, கோதையாறு பக்கம் ஒரு ராத்திரி விளக்குப் போடலாமா?" என்று என்னிடம் கேட்டான். அது சரணாலயக் காடு, அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியையும் எடுக்கக் கூடாது.

2025-இல் கென்யாவில் இதே கதைதான். பெல்ஜியத்துப் பையன்கள் ரெண்டு பேர், இருபதுகூட ஆகாதவர்கள், சுமார் 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்து மாட்டிக்கொண்டார்கள். பொழுதுபோக்குக்குத்தான் என்றார்கள். கோர்ட் கேட்கவில்லை, 10 லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் 12 மாசம் ஜெயில் என்று தீர்ப்பு. நம்ம காசுக்கு ஆறு லட்சத்துக்கு மேல். இங்கேயும் 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் வியாபாரத்துக்கு எடுப்பதென்றால் சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். கேட்கிறவன் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான், பார்சலில் இருக்கப்போவது இவன் பெயர்.

சட்டத்தை விடு. ஒரு ராணி என்பது ஒரு கூடு. ஊர் மாறிப்போன எறும்பு என்ன செய்யும் என்பதற்குக் கிறிஸ்துமஸ் தீவின் சிவப்பு நண்டுகளே சாட்சி, மஞ்சள் கிறுக்கு எறும்பு அவற்றைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. நத்தம் கரந்தமலைப் பக்கம் அதே எறும்பு ஆடுமாடுகளைப் படுத்தியதை 2022-இல் நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

உன் குணம் தெரியும், எடுத்த எடுப்பில் கத்தாதே. விளக்கைப் பிடுங்கச் சொல்லாதே. இந்த வயசில் போனை வைத்துவிட்டு ஒன்றை உற்றுப் பார்க்கிறான், அதைக் கெடுக்காதே. அவனுக்கு நோட்டு இருக்கிறது. மழை, நேரம், காற்று, நிலா, எது வந்தது என்று எல்லாம் எழுதுகிறான். நம்ம ரெண்டு பேரில் யார் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தோம்? விற்காதே, அந்த வெளிநாட்டு ஐ.டி.க்காரனுக்குப் பதிலே போடாதே, காட்டுக்குப் போகாதே, இந்த மூன்றை மட்டும் சொல். நான் சொன்னால் சரி மாமா என்று தலையாட்டுகிறான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, சாயங்காலம் கூப்பிடு. டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வந்துவிடுவான். முதலில் அவனிடம் பேசு, தங்கச்சியிடம் பிறகு. வேட்டி விஷயத்தை நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன்,
கடைக்காரன்