சதுப்பு நிலத்தைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்

இந்தியத் தரிசு நில வரைபடம் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், 'தரிசு' என்ற சொல்லை வைத்து நிலம் ஒதுக்கும் வருவாய்த்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊர்ச் சதுப்பு நிலமான கழுவெளியில் மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த மனுவுக்குப் போன மாதம் பதில் வந்தது. இரண்டே வரி. மேற்படி நிலம் தரிசு, ஆட்சேபணை ஏற்பதற்கில்லை. சர்வே எண், பரப்பு எல்லாம் கோப்பில் இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை. அந்தத் 'தரிசு' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அந்தத் தரிசில் என் அத்தை முப்பது வருஷமாகக் கோரை அறுக்கிறார். விடியுமுன்னே முழங்கால் சேற்றில் இறங்கிவிடுவார். அவர் அங்கே விதைத்ததில்லை, உரம் போட்டதில்லை, ஒரு நாளும் தண்ணீர் பாய்ச்சியதில்லை. அறுத்த இடத்தில் அடுத்த அறுப்புக்குள் கோரை மறுபடி நெஞ்சளவு நிற்கும். அதைக் கிழித்து, காயவைத்து, பாய் நெய்து விற்ற காசில்தான் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். இப்போது அவர் அறுத்துவந்த பக்கம் முழுக்க லாரி மண். இந்த வருஷம் வெளியூர் வியாபாரியிடம் கடனுக்குக் கோரை வாங்கித் தறியில் உட்கார்ந்திருக்கிறார். பாய் விற்றால் கடன் அடையும், கூலி மிஞ்சாது.

விளையாத நிலம்தானே தரிசு? சரி, விளைச்சலையே பார்ப்போம். செடிகள் வெயிலைக் கொண்டு ஓராண்டில் தயாரிக்கும் உணவில், அவை சுவாசிக்கச் செலவழித்தது போக மிஞ்சுவதை நிகர முதன்மை உற்பத்தித்திறன் என்கிறோம். 1970களில் சூழலியலாளர்கள் விட்டேக்கரும் லைக்கன்ஸும் தொகுத்த உலகச் சராசரிக் கணக்கு இன்றும் சூழலியல் பாடத்தில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு, உலர் எடையில், வெப்பமண்டல மழைக்காட்டில் 2,200 கிராம். சதுப்பு நிலத்தில் 2,000. பயிர் செய்யும் நிலத்தில் 650. கரையை விட்டு விலகிய ஆழ்கடலில் 125தான்.

வயலைவிட மூன்று மடங்கு விளைகிற இடத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் தரிசு.

இதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும். பாலைவனத்தில் வெயில் இருக்கிறது, தண்ணீர் இல்லை. நடுக்கடலில் வெயிலும் தண்ணீரும் இருந்தும், சத்தெல்லாம் வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கழுவெளியிலோ ஆழம் குறைவு, வெயில் அடிவரை போகிறது, சுற்றியுள்ள மேட்டு மண்ணின் சத்தை ஒவ்வொரு மழையும் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. வெயில், தண்ணீர், சத்து மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. மீனும் நண்டும் கொக்கும் என் அத்தையும் அங்கே போவது அதனால்தான்.

சென்னைப் பள்ளிக்கரணையையும் தரிசாகத்தான் எண்ணினார்கள். சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பைக் குப்பை கொட்டியும் கட்டடம் எழுப்பியும் சுருக்கிய பிறகு, 2022இல் ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம், என்று அறிவித்தோம். அழித்து முடித்த பிறகுதான் ஒரு நிலத்துக்கு மரியாதை தருவோமா? உங்கள் வரைபடத்தில் நிரந்தரச் சதுப்பு, பருவகாலச் சதுப்பு என்று இரண்டையும் இன்னும் தரிசு வகைகளாகவே வைத்திருக்கிறீர்கள்.

புதர்க்காடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது சதுப்பளவு விளையாதுதான். ஆனாலும் ஆடு மேய்ப்பவர்களையும் நரியையும் முயலையும் அதுதான் காப்பாற்றுகிறது. யாரும் பட்டா வாங்கவில்லை என்றால் அந்த நிலத்தால் யாருக்கும் பயனில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு தடவையாவது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான். சதுப்பு நிலத்தைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்கும்வரை அந்தச் சொல்லைக் காரணம் காட்டி எந்தக் கழுவெளியையும் யாருக்கும் ஒதுக்காதீர்கள். எங்கள் ஊரில் மண் கொட்டுவதை உடனே நிறுத்த உத்தரவிடுங்கள். கிழக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் கோரை நிற்கிறது. அடுத்த அறுப்புக்கு முன் நேரில் வந்து பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அத்தை கூடவே வந்து வழி காட்டுவார்.

இப்படிக்கு,
கோரை அறுக்கும் குடும்பத்தில் ஒருவன்