டோங்காட் கரும்புக் காட்டு இடுகாடு: நண்பருக்கு ஒரு கடிதம்

டோங்காட்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மகளுக்கு டர்பனிலேயே வேலை அமைந்தது என்று படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கு யாவரும் நலம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. அந்த முழங்காலை வைத்துக்கொண்டுதான் இப்போது கரும்புக் காட்டுக்குள் கிடக்கும் எங்கள் குடும்ப இடுகாட்டைப் பதிவுசெய்து வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் எங்கள் பெரியவர்கள் அந்த இடத்தை விட்டு வெளியேறியபின் நிலம் கைமாறிவிட்டது. மூன்று பக்கமும் கரும்பு நெருங்கிவிட, உள்ளே உண்ணிச்செடிப் புதர் மண்டியிருக்கிறது. இன்றைய நிலக்காரர் தடை சொல்லவில்லை. சொன்னாலும், பிறர் நிலத்தில் உள்ள தம் குடும்பக் கல்லறைகளுக்குச் சென்று பராமரிக்கும் உரிமையை, நியாயமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 1997ஆம் ஆண்டின் 62ஆம் எண் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரியவே இல்லை.

தொல்லை எல்லாம் உறவினர்களிடமிருந்துதான். புதரை வெட்டி, பழைய கற்களை அகற்றி, எல்லோர் பெயரையும் பொறித்து ஒரே கருங்கல் பலகையாக நிறுத்திவிடலாம் என்று தம்பி மக்கள் ஆசைப்படுகிறார்கள். பக்தியில் குறையில்லை, ஆனால் உள்ளாட்சியின் இடுகாட்டுக்கு வெளியே உள்ள, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறையை அனுமதியின்றி மாற்றுவதை 1999ஆம் ஆண்டின் மரபுச் செல்வச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், எந்த மேட்டுக்குப் பக்கத்தில் எந்த மேடு என்பதிலிருந்துதான் யார் யாருக்குப் பிள்ளை, எவர் எவருக்கு மனைவி என்று ஊகிக்க முடிகிறது, அதை எந்தப் புதுப் பலகையும் சொல்லாது. ஆகவே கல்லே இல்லாத மேடுகளையும் சேர்த்து வரைபடத்தில் குறித்து எண்ணிடுகிறேன். அவற்றில் சிறியவை பல இருப்பது நெஞ்சை அறுக்கிறது.

கற்களைக் கம்பித் தூரிகையாலோ பிளீச்சாலோ தேய்க்கக் கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்து மங்கியிருந்தால் நிலைக்கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழச் செய்கிறோம். பள்ளங்களில் நிழல் கட்டியதும் எழுத்து எழுந்து நிற்கிறது, உடனே படம் எடுத்துக்கொள்கிறோம். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே படியெடுக்கிறேன். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறியவருக்குப் பள்ளிக்கூடம் வாய்த்திருக்காது, அவர் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

காலத்தைக் கண்டுபிடிப்பதுதான் சுவையான வேலை. ஒரு கல்லில் "ஆனந்த வருஷம் ஆடி மாதம்" என்று மட்டும் உள்ளது. 60 ஆண்டுக்கொரு முறை திரும்பும் இந்தப் பெயர் 1854, 1914, 1974 ஆகிய ஆண்டுகளுக்குப் பொருந்தும். இந்தியாவிலிருந்து நம்மவரை ஒப்பந்தத் தொழிலாளராக ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்ததே 1860 நவம்பர் 16இல்தான். 1974இலோ அந்தப் பக்கம் எங்கள் குடும்பத்தார் எவரும் இல்லை. எனவே அது 1914 ஜூலையோ ஆகஸ்டோ என்று துணிந்து எழுதிவிட்டேன். இப்படித் தேதி கிடைக்கும் ஒவ்வொரு கல்லும் பக்கத்து மேடுகளுக்கும் ஒரு காலத்தைக் காட்டித் தருகிறது.

இனி உங்களிடம் ஓர் உதவி. ஒரு கல்லில் பெயருக்குக் கீழே எண் ஒன்று வெட்டியிருக்கிறது; ஒப்பந்தத் தொழிலாளராக வந்தபோது தரப்பட்ட எண்ணாகவே இருக்க வேண்டும். 1911 வரை வந்த 1,52,000க்கும் மேற்பட்டோரின் கப்பல் பட்டியலில் எண்ணோடு தந்தை பெயர், வயது, ஊர், ஜில்லா ஆகியவை பதிவாயின. நீங்கள் இருக்கும் ரிசர்வாயர் ஹில்ஸுக்கு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக் காந்தி-லுத்துலி ஆவண மையம் பக்கம்தானே. ஒரு நாள் போய்த் தேடிப் பார்க்க இயலுமா? எண்ணைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்துள்ளேன். கடைசி இலக்கம் 3 என்றும் 8 என்றும் படிக்கும்படி இருப்பதால் இரண்டையும் பாருங்கள். எந்தப் பதிவில் பெயர் பொருந்துகிறதோ அதன் எல்லாக் கட்டங்களையும் விடாமல் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பள்ளித் தோழன்