செயின் மேல் விழுந்த பழி: 'பேப்ஸ்' மாதிரி செய்யும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

1926-ல் உலக நில வேகச் சாதனை படைத்த 'பேப்ஸ்' காரை 1:8 அளவில் செய்ய நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. வேலை சுத்தமாக இருக்கிறது. எஞ்சினில் ஒன்றிரண்டு திருத்தங்கள் உண்டு, அவை சின்னவை. உறுத்துவது மாதிரியின் கீழே வைக்க நீ எழுதியிருக்கும் அட்டைதான்: "செயின் அறுந்து ஓட்டுநரின் கழுத்தை வெட்டிய கார்". நாற்பது வருஷம் ஊரெல்லாம் சொன்ன கதை அது. ஆனால் 1969-ல் அந்தக் காரையே மணலிலிருந்து தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பழியைச் செயின் தலையிலேயே கட்டுவது சரியில்லை.

முதலில் பூர்வீகம். பேப்ஸை ஓட்டிச் சாதனை படைத்து, அதிலேயே உயிர்விட்ட பாரி-தாமஸ் அதைப் புதிதாகக் கட்டவில்லை, விலைக்கு வாங்கினார். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், கேன்டர்பரிக்குப் பக்கத்தில் உள்ள ஹையம் பார்க் மாளிகையின் சொந்தக்காரர் லூயி ஸ்போரோவ்ஸ்கி. பணக்காரர், பந்தயப் பைத்தியம், விமான எஞ்சின்களைக் காரில் பூட்டிப் பார்ப்பதில் தீராத ஆசை. அவரும் பொறியாளர் கிளைவ் கேலப்பும் சேர்ந்து செய்த வண்டிக்கு 'ஹையம் ஸ்பெஷல்' என்று பெயர். சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ரூபரி ஓவன் நிறுவனம் செய்தது. கியர்பாக்ஸும் செயின் டிரைவும் முதல் உலகப் போருக்கு முந்தைய பிளிட்ஸன் பென்ஸ் காரிலிருந்து வந்தவை. எஞ்சின் லிபர்ட்டி என்ற அமெரிக்க விமான எஞ்சின். ஆக, ஒரு நாட்டு விமானத்தின் இதயம், இன்னொரு நாட்டுப் பந்தயக் காரின் கால். அந்தக் காலத்தில் வேகத்துக்கு அதுதான் மலிவான வழி. போர் முடிந்து உபரியாகக் கிடந்த எஞ்சின்களுக்குப் பஞ்சமில்லை.

1924 அக்டோபரில் மொன்ஸாவில், இத்தாலிய கிராண்ட் பிரி பந்தயத்தில் மெர்சிடிஸ் ஓட்டும்போது ஸ்போரோவ்ஸ்கி இறந்துபோனார். அவர் விட்டுச்சென்றவற்றிலிருந்து ஹையம் ஸ்பெஷலை 125 பவுண்டுக்கு வாங்கினார் ஜே. ஜி. பாரி-தாமஸ். வேல்ஸ்காரர். லேலண்ட் மோட்டார்ஸின் தலைமைப் பொறியாளராக இருந்து 'லேலண்ட் எய்ட்' காரை வடிவமைத்தவர். (நம் ஊர் அசோக் லேலண்டின் பெயரில் பாதி அந்த லேலண்ட்தான்.) பிறகு வேலையை விட்டுவிட்டு புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்திலேயே பட்டறை போட்டார். லேலண்டில் அவருக்கு உதவியாளராக இருந்த ரீட் ரெயில்டன்தான் பின்னாளில் இன்னொரு வேகச் சாதனையாளரான மால்கம் கேம்பெல்லின் 'புளூ பேர்ட்' கார்களை வடிவமைத்தவர்.

தாமஸ் செய்த மாற்றங்களில் நீ கவனிக்க வேண்டியவை: நான்கு ஜெனித் கார்புரேட்டர்கள், அவரே வரைந்த பிஸ்டன்கள், காற்றைக் கிழிக்கும்படி புதிதாக அமைத்த பாடி. 'பேப்ஸ்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

இனி எஞ்சின். நீ வரைந்திருப்பது 60 டிகிரி வி-12, அதாவது V எழுத்துப்போல விரிந்த இரண்டு வரிசைகளில் பன்னிரண்டு சிலிண்டர். லிபர்ட்டியில் இரண்டு வரிசைகளுக்கும் இடையே 45 டிகிரிதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றுவதற்குள் பன்னிரண்டு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்க வேண்டும். பங்கு போட்டால் ஆளுக்கு 60 டிகிரி. வரிசைகளை 45-க்கு ஒடுக்கியதால் வெடிப்புகள் 45, 75, 45, 75 என்று ஏறி இறங்கி வரும். விமானத்துக்கு இது லாபம்: எஞ்சினின் அகலம் குறைகிறது, காற்று மோதும் முகப்பும் குறைகிறது, சீரான துடிப்பில் எழும் அதிர்வும் ஓரளவு உடைகிறது. உன் மாதிரியிலும் இந்த ஒடுக்கம் தெரிந்தால்தான் அது லிபர்ட்டி.

அதைவிடப் பெரிய தவறு, சிலிண்டர்களை ஒரே பிளாக்காக வார்த்த மாதிரி வரைந்திருப்பது. லிபர்ட்டியில் பன்னிரண்டும் தனித்தனி இரும்புச் சிலிண்டர்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் தகட்டை வெல்டிங் செய்து தண்ணீர் ஜாக்கெட் கட்டியிருப்பார்கள். அளவு 5 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 7 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). பெருக்கிப் பார், மொத்தம் 27 லிட்டர் வரும். உன் அளவில் போர் சுமார் 15.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 22.2. இடது வரிசையும் வலது வரிசையும் நேருக்கு நேர் நிற்கும், முன்பின் தள்ளி நிற்காது. காரணம், கனெக்டிங் ராடுகள் பக்கம் பக்கமாக உட்காருவதில்லை. ஒன்று கவைபோலப் பிளந்திருக்கும், எதிர்வரிசையின் ராடு அந்தப் பிளவுக்குள் இறங்கும். சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 24. பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோவைத் தேடாதே, லிபர்ட்டியில் இருந்தது டெல்கோ பேட்டரி இக்னிஷன்; கேம் ஷாஃப்டுகளின் கோடியில் ஆளுக்கொரு டிஸ்ட்ரிபியூட்டர். விமானத்தில் சுமார் 400 குதிரைத்திறன் தந்த எஞ்சின் இது, பேப்ஸில் சுமார் 450. சுழற்சி மட்டும் நிமிடத்துக்கு 2000 அளவில்தான். இன்றைய கார் நிதானமாகப் போகும்போது சுற்றும் வேகம் அது.

1926 ஏப்ரல் 27, 28 ஆகிய இரண்டு நாள்களில் வேல்ஸின் தென்கரையில், பென்டைன் கடற்கரையில் தாமஸ் இரண்டு தடவை உலகச் சாதனை படைத்தார். முதல் நாள் மணிக்கு 169.30 மைல், மறுநாள் 171.02. அதற்கு முந்தைய மாதம் இங்கிலாந்தின் சவுத்போர்ட் மணலில் ஹென்றி சீகிரேவ் என்ற ஓட்டுநர் படைத்த சாதனை 152.33. ஒரே தாவலில் ஏறக்குறைய இருபது மைல்! 125 பவுண்டு வண்டிக்கு இது சாதாரணமா?

அடுத்த வருஷம் பிப்ரவரி 4-ல், அதே பென்டைனில், நேப்பியர் எஞ்சின் பூட்டிய புளூ பேர்டில் மால்கம் கேம்பெல் 174.88-ஐ எட்டினார். கிலோமீட்டர் கணக்கில் போட்டுப் பார்த்தால், பேப்ஸ் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 13.08 விநாடி எடுத்தது, புளூ பேர்டுக்கு 12.79. இடைவெளி ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சொற்ப நேரத்தை மீட்கத்தான் 1927 மார்ச் 3-ல் தாமஸ் மறுபடி பென்டைனுக்கு வந்தார்.

இப்போது செயின். எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ். அதிலிருந்து விசை ஒரு குறுக்குத் தண்டுக்குப் போகிறது. தண்டின் இரு முனைகளிலும் ஸ்பிராக்கெட், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரம். அங்கிருந்து இரண்டு பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் செயின். 1926-லேயே இது பழைய முறைதான். ஆனாலும் வசதிகள் உண்டு. பின் ஆக்சில் வெறும் இரும்புக் கம்பம், உள்ளே பல்சக்கரம் எதுவும் கிடையாது; எடை குறைவதால் சக்கரம் மேடுபள்ளத்தைச் சீக்கிரம் தொடரும். விகிதத்தை மாற்ற கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம், ஸ்பிராக்கெட்டை மாற்றினால் போதும்.

தொல்லையும் அங்கேயேதான். ஆக்சிலைப் பிடித்திருக்கும் கம்பிகள் குறுக்குத் தண்டின் மையத்தையே கீலாகக் கொண்டு அசைய வேண்டும். கீல் அங்கிருந்து விலகினால் வண்டி குதிக்கும் ஒவ்வொரு தடவையும் செயின் முறுகும், தளரும். முறுகினால் பேரிங் சூடாகும்; தளர்ந்தால் பல் தாண்டும். மணல் கடற்கரை என்றால் இன்னொரு வினையும் சேரும்: செயினில் போட்ட எண்ணெயும் பறக்கும் மணலும் கலந்தால் அது உயவுப்பொருள் இல்லை, வால்வு தேய்க்கும் பசை.

செயின் எவ்வளவு இழுபடும் என்று தோராயமாகப் பார்ப்போம். 450 குதிரைத்திறன் முழுதும் சக்கரத்துக்கு வந்து, வேகம் 170 மைல் என்றால் தள்ளுவிசை சுமார் 450 கிலோ, பக்கத்துக்கு 225. ஸ்பிராக்கெட்டின் விட்டம் சக்கரத்தில் மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் செயினில் 675 கிலோ இழுவை. சுழற்சியால் செயின் வெளியே வீசும் விசையும் இதோடு சேரும். பெரிய செயினுக்கு இது தாங்காத பாரமில்லை. அதைவிடப் பல மடங்கு இழுவை வருவது கீழ் கியரில் கிளம்பும்போது. மணலில் சக்கரம் வழுக்கிவிடுவதால்தான் அதுவும் ஓர் எல்லைக்குள் நிற்கிறது.

அன்று ஓட்டத்தின் நடுவில் பேப்ஸ் திசை தவறி உருண்டது. தலையில் பட்ட காயத்தால் தாமஸ் அங்கேயே இறந்தார். நில வேகச் சாதனைக்கான முயற்சியில் உயிர்விட்ட முதல் ஓட்டுநர் அவர். எஞ்சின் மூடி உயரமாக இருந்ததால் தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் அவர் ஓட்டுவார். செயினோ பக்கத்திலேயே ஓடியது. காயம் தலையில், செயின் அறுந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட யாருக்கும் நேரம் ஆகவில்லை.

ஆனால் செயின் முதலில் அறுந்திருந்தால் வண்டி என்ன செய்திருக்கும்? அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு இழுவை போய்விடும். இரு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் இறுக்கிப் பூட்டாமல் இருந்தால் மறுபக்கத்துக்கும் போய்விடும். எஞ்சின் அலறும், வண்டி தன்பாட்டில் உருண்டு வேகம் குறையும். அறுந்த செயின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கதை வேறு, அதை மறுக்கவில்லை. எதிர்ப்பக்கம் பார். வலது பின்சக்கரம் முதலில் நொறுங்கியது என்று வைத்துக்கொள். அந்த மூலை தரையில் இறங்கி மணலை உழும், வண்டி அந்தப் பக்கம் இழுத்துத் திரும்பி உருளும், ஆக்சில் இடம் பெயரும். அப்போது செயின் அறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அறுந்த பொருள் எல்லாம் விபத்துக்குக் காரணம் ஆகிவிடாது. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். காரணமாக அறுந்தது ஒன்று, அதன் விளைவாக அறுந்தது பத்து.

விசாரணை முடிந்ததும் வண்டியைப் பென்டைன் மணல்மேட்டிலேயே குழிவெட்டிப் புதைத்தார்கள். தாமஸின் உடல் புரூக்லேண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைஃப்ளீட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அதே மார்ச் 29-ல் அமெரிக்காவின் டேடோனாவில் சீகிரேவ் 203.79 மைலைத் தொட்டார். பென்டைனின் காலம் அதோடு முடிந்தது. உலக நில வேகச் சாதனை எதுவும் பிறகு அங்கே நடக்கவில்லை.

1969-ல் பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன் அனுமதி வாங்கித் தோண்டினார். அனுமதி எளிதில் கிடைக்கிற இடமில்லை. புதைத்த இடம் அதற்குள் ராணுவத்தின் சோதனைத் தளத்துக்குள் போயிருந்தது. வெளியே வந்த பாகங்களைப் பார்த்த பின்தான் வலது பின்சக்கரம் உடைந்ததே தொடக்கம் என்ற கருத்து வலுத்தது. இன்று விஷயம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கல்லில் பொறித்த தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். செயின் கதைக்கு அந்த அளவு ஆதாரம்கூட இருந்ததில்லை.

நாற்பத்திரண்டு வருஷம் உப்பு மணலில் கிடந்த இரும்பை எடுத்தவுடன் வெயிலில் காயவைத்தால் காரியம் கெட்டது. துருவுக்குள் புகுந்த உப்பு காற்றில் ஈரத்தை இழுத்து, ஆரஞ்சு நிறத்தில் முத்துமுத்தாக வியர்க்கும். மேல்பரப்பு செதில் செதிலாக உதிரும். இப்படிப்பட்ட இரும்பை ஈரமாகவே வைத்து, வலுக்குறைந்த காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டு, உப்பு இறங்கி நிற்கும்வரை கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பொதுவான முறை. மாதக்கணக்கு ஆகும். அதே தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் நுரைத்துக் கரைந்துபோகும், அதற்கு வழியே வேறு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்த இடங்களில் அலுமினியம் முன்னமே தன்னைத் தின்னக் கொடுத்திருக்கும். ஓவன் சுமார் 15 வருஷம் உழைத்துப் பேப்ஸை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு அது பென்டைன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கடைசியாகச் சக்கரம். மூன்றடி விட்டம் என்று வைத்தால் 170 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,590 சுற்று சுற்றும். விளிம்பில் ஒட்டிய 10 கிராம் சரளை 13 கிலோ விசையோடு வெளியே இழுக்கும்; டயரும் ரிம்மும் தம் முழு எடையோடு அதே விகிதத்தில் இழுக்கும். எல்லாம் ஸ்போக் கம்பிகளின் தலையில். ஓட்டும் சக்கரமானதால் முறுக்குவிசையும் அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். கம்பி உடைவது நடுவில் இல்லை, ஹப்பில் மாட்டும் வளைவிலோ நிப்பிளின் மரை தொடங்கும் இடத்திலோதான். ஒன்று போனால் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் கூடும், பிறகு அது போகும்.

உன் படத்தில் ஸ்போக்குகள் ஹப்பிலிருந்து சூரியக் கதிர்போல நேராகப் போகின்றன. அப்படிக் கோர்த்தால் சக்கரம் முறுக்கைத் தாங்காது, ஹப் மட்டும் சுற்றப் பார்க்கும். பின்சக்கரங்களில் கம்பிகளை ஒன்றையொன்று குறுக்கே தாண்டும்படி கோர்த்து வரை. அட்டையில் "வலது பின்சக்கரம் உடைந்ததே காரணமாக இருக்கலாம்" என்று போடு. 'இருக்கலாம்' என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்