கன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

கால்நடை வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் நடத்திய மலடு நீக்க முகாமுக்கு, இன்னும் கன்று ஈனாத என் கிடேரியை ஓட்டி வந்தேன். வயது 34 மாதம். இன்னும் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்த மருத்துவர், கருப்பை சிறுத்திருக்கிறது, சூலகம் வேலை செய்யவில்லை என்றார். அட்டையில் 'மலடு' என்று எழுதி ஒரு பொட்டலம் தாது உப்பு கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. வரிசையில் அத்தனை மாடுகள். ஆனால் எடை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். நெஞ்சுச் சுற்றளவு 50 அங்குலம், உடல் நீளம் 46. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் 174 கிலோ. இதன் தாய் ஏறக்குறைய 350 கிலோ. வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதம் வந்தால்தான் சினை ஊசியை, அதாவது செயற்கைக் கருவூட்டலைப் பற்றியே பேசலாம் என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அப்படியென்றால் 210 கிலோ வேண்டும். என் கிடேரி மலடு இல்லை ஐயா, பட்டினி. உடம்பில் சதையும் கொழுப்பும் சேராதவரை சூலகத்தை எழுப்பும் ஹார்மோனை மூளை சரியாகச் சுரக்காது.

பிறந்தபோது 22 கிலோ. கணக்குப் போட்டால் நாளுக்கு 150 கிராம்கூட ஏறவில்லை. 400 கிராம் ஏறியிருந்தால் 16 மாதத்திலேயே அந்த 210ஐத் தொட்டிருக்கும்.

என் பங்குத் தவறை மறைக்கவில்லை. சீம்பால் நேரத்துக்குக் கொடுத்தேன். அப்புறம் பாலை விற்க வேண்டியிருந்தது, கன்றுக்கு ஒரு காம்புதான் விட்டேன். இரண்டாம் வாரத்திலிருந்தே தானியம் கலந்த கன்றுத் தீவனம் வைத்திருக்க வேண்டும். தானியம் வயிற்றில் புளித்து உண்டாகும் அமிலம்தான் அசைபோடும் வயிற்றை வளர்க்கிறது. அது எனக்குத் தெரியவந்தபோது கன்றுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. பால் மறந்த கையோடு வறட்சி வந்தது. வெயிலில் முற்றிக் காய்ந்த புல்லில் புரதம் 7 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கே அது போதாது. புல் செரிக்காமல் தங்கிவிட, கன்று மேற்கொண்டு தின்னாது. முன்னால் புல் குவிந்து கிடக்கிறது, கன்று முகம் திருப்பி நிற்கிறது. வயிறு பானைபோல, முதுகெலும்பு வரிசையாகத் தெரிய. கொழுப்பு என்று திட்டினேன். பசித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இது என் கொட்டகையில் மட்டும் நடப்பதா? உங்கள் பதிவேட்டில் பால் அளவுக்கு ஒரு பக்கம், சினை ஊசிக்கு ஒரு பக்கம், தடுப்பூசிக்கு ஒரு பக்கம். கன்றின் எடைக்குப் பக்கமே இல்லை. எங்கள் ஊரில் மானியத் தீவனமும் கறவை மாட்டுக்குத்தான். பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும் சினை ஊசி வந்துவிட்டதாம், மகிழ்ச்சி. பிறந்து என்ன செய்யும்? 34 மாதம் கழித்து இதே முகாமுக்கு வரும். முகாமின் சாதனைக் கணக்கும் ஏறும்.

சரி, கோபத்தில் எல்லை தாண்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: கன்றைப் பிறந்த நாளிலிருந்து கணக்கில் சேருங்கள். மாதம் ஒருமுறை நெஞ்சளவு எடுத்து எழுதுங்கள். பத்து, பதினைந்து நாளில் முதல் குடற்புழு மருந்து, பால் மறக்கும்வரை கன்றுத் தீவனம், வறட்சியில் பயறுவகைத் தழையோ கொஞ்சம் புண்ணாக்கோ. கொழுக்க வைக்கச் சொல்லவில்லை. பருவத்துக்கு முன் அளவுமீறிக் கொழுத்தால் மடியும் கெடும் என்று தெரியும். எடை பின்தங்கும் கன்றை ஆறாம் மாதத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லுங்கள், போதும்.

கன்றைக் கணக்கில் சேருங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முகாமுக்கு ஓர் அளவு நாடா கொண்டுவர முடியாவிட்டால் நான் தருகிறேன். தையல் நாடாதான், 60 அங்குலம். கன்றுக்கு அது எட்டும்.

இப்படிக்கு,
அந்த 'மலட்டு'க் கிடேரியின் சொந்தக்காரன்