மாத்திரைய நீயா நிறுத்திடாத தாயி

தாயி,

நேத்து போன்ல "நாள் தள்ளிப்போச்சுன்னா அன்னைக்கே ரத்தம் உறையாம இருக்க போடற வார்ஃபரின் மாத்திரைய நிறுத்திடுவேம்மா"ன்னு சொன்னியே, அதுலேர்ந்து எனக்கு தூக்கமே இல்ல. காலைலயே பஸ் ஏறி, இங்க ரங்கூன்ல உன்ன பாத்துக்கிட்டிருந்த டாக்டரம்மாகிட்ட போயிட்டேன்.

அந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாதுங்கறது நெசந்தான், 6லேர்ந்து 12 வாரத்துக்குள்ள மூக்கு, எலும்பெல்லாம் உருவாகறப்ப கெடுத்துடுமாம், ஆனா உன் இதயத்துல இருக்கறது மெட்டல் வால்வு, மாசமா இருக்கறப்ப ரத்தம் வேற சீக்கிரம் உறையும், மாத்திரையும் இல்லாம அதுக்கு பதிலா போடற ஹெப்பாரின் ஊசியும் இல்லாம நாலு நாள் இருந்தாலே வால்வுல ரத்தம் கட்டிக்கலாம், அப்ப உன் உசுருக்கே ஆபத்து.

ஹெப்பாரின் ஊசி நஞ்சுக்கொடிய தாண்டி பிள்ளைக்கு போகாது. வயித்துல தினம் ரெண்டு வேளை போடணும். ஆனா போட்டா மட்டும் பத்தாது தாயி, மாசம் ஏற ஏற டோஸும் மாறும், அடிக்கடி ரத்தம் எடுத்து பாக்காம விட்டா மாத்திரைய விட ஊசிலதான் வால்வு அடைக்கற பயம் ஜாஸ்தி. வார்ஃபரின் ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகலன்னா பிள்ளைக்கு கெடுதல் கம்மின்னு சில பேருக்கு அதையே தொடருவாங்களாம், அப்படின்னாலும் 36வது வாரத்துல ஊசிக்கு மாத்திடணும், இல்லன்னா பிரசவத்துல பிள்ளைக்கு தலைக்குள்ள ரத்தம் கசியலாம். பிறந்தப்புறம் வார்ஃபரின் போட்டுக்கிட்டே பால் குடுக்கலாம், அது ஒண்ணுதான் கேட்டு மனசு குளுந்துச்சு.

ஒம்பது வயசுல உனக்கு காய்ச்சலும் முட்டி வலியும் வந்தப்ப, வளர்ற பிள்ளைக்கு வர்ற வலின்னு எண்ணெய் தேச்சுவிட்டேன். தொண்டைப்புண்ணு பின்னால வந்த வாதக்காய்ச்சல்னு தெரியல, அதான் வால்வ தின்னுடுச்சு. மறுபடி நெஞ்ச திறக்க வேணாம்னு மெட்டல் வால்வே வைங்கன்னு சொன்னதும் நானும் அப்பாவுந்தான், திசு வால்வுன்னா வார்ஃபரின் காலம்பூரா வேண்டாம், ஆனா சின்ன வயசுல சீக்கிரம் தேஞ்சுடும்னாங்க, பிள்ளை பெத்துக்கறத பத்தி அன்னைக்கு ஒருத்தரும் வாயத்திறக்கல. அது எனக்கு இன்னும் ஆறல.

அதனால மாசமாகறதுக்கு முன்னாடியே அங்க சிங்கப்பூர்ல ஹார்ட் டாக்டரையும் பிரசவ டாக்டரையும் மாப்பிள்ளையோட போய் பாரு. வால்வு டிக்டிக் சத்தம் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும்னு இருக்காத. பிள்ளையே வேணாம்னு நீ முடிவெடுத்தாலும் எனக்கு சம்மதம், அத்தைமாருங்க பேச்ச நான் பாத்துக்கறேன்.

இப்ப எத்தன மில்லிகிராம் போடற, ரத்தம் உறையற வேகத்த பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட்ல கடைசியா எவ்வளவு வந்துச்சு? ராத்திரிக்குள்ள அனுப்பு, டாக்டரம்மா கேட்டிருக்காங்க.

அம்மா