மூன்றாவது தடவை

அன்பு மகளுக்கு,

கட்டுரை திரும்பி வந்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னபோது உன் குரல் கம்மிப்போயிருந்தது. அப்போது வாயில் வராததை எழுதுகிறேன்.

நீ பள்ளியில் படிக்கும்போது கணித மேதை சோஃபி ஜெர்மேனைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பாரிசில் 1776-இல் பட்டு வியாபாரி வீட்டில் பிறந்தவர். ராத்திரியில் கணக்குப் போடக்கூடாதென்று பெற்றவர்கள் மெழுகுவர்த்தியைப் பிடுங்கினதும், ஆண் பெயரில் லாக்ராஞ்ச், காஸ் என்ற பெரிய கணித மேதைகளுக்குக் கடிதம் எழுதினதும் உனக்கு நினைவிருக்கும். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிது.

உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் துள்ளி ஓடும். தகடு அதிராத கோடுகளில் போய் ஒதுங்கி, கோலம் போட்ட மாதிரி நிற்கும். ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி பாரிசுக்கு வந்து இதைக் காட்டினார். நெப்போலியனே பார்த்து வியந்தாராம். இதற்குக் கணிதம் என்ன என்று 1809-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் போட்டி அறிவித்தது. இருக்கிற கணிதம் இதற்குப் போதாது என்பது லாக்ராஞ்சின் எண்ணம். பெரிய ஆட்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1811-இல் வந்தது ஒரே ஒரு கட்டுரை, ஜெர்மேனுடையது. பரிசு இல்லை. சமன்பாட்டை வருவித்த விதத்தில் பிழை. நடுவரான லாக்ராஞ்சே அதைச் சரிசெய்தார். 1813-இல் ஜெர்மேன் மறுபடி அனுப்பினார். சோதனையோடு ஒத்துப்போனது, நிரூபணம் நிற்கவில்லை. பாராட்டு மட்டும். மூன்றாவது தடவை எழுதி, 1816 ஜனவரியில் பரிசு வாங்கினார். அப்போதும் நடுவர்களுக்கு முழுத் திருப்தி கிடையாது. விழாவுக்கு அவர் போகவும் இல்லை.

பிழை இருந்தது உண்மைதான் கண்ணு. ஆனால் பக்கத்தில் உட்காரவைத்து "இந்த வரியைப் பார்" என்று சொல்ல அவருக்கு ஒரு வாத்தியார் இல்லை. கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலம். உனக்கு வழிகாட்டி இருக்கிறார், நடுவர் எழுதின குறிப்பு கையில் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டு அவரோடு உட்கார்.

எண்களைப் பற்றிய ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் ஜெர்மேன் செய்ததை நான் இதைவிட உயர்வாக நினைக்கிறேன். அதில் ஒரு வகைப் பகா எண்களை எடுத்துக்கொண்டார். 11 பகா எண், இரட்டித்து ஒன்று கூட்டினால் 23, அதுவும் பகா எண். அப்படிப்பட்ட எண்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். அதை நீ வரும்போது பேசுவோம்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சம்பள வேலையும் கிடைக்கவில்லை. மெழுகுவர்த்தியைப் பிடுங்கின அதே அப்பாதான் தாம் இருந்தவரை பணம் கொடுத்துத் தாங்கினார். உனக்கு உதவித்தொகை தள்ளிப்போனால் கூச்சப்படாமல் கேள். தை மாதக் கல்யாணத்துக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். திருத்தின கட்டுரையில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா